மக்காச்சோளக் காட்டில் மறுபடியும் புல்!

வயலில் புல் பிடுங்குகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் காசு கொடுத்துப் புல் விதை வாங்கி, டிராக்டர் ஓட்டி விதைத்து, அது வளருமா வளராதா என்று மூன்று வருஷம் காத்திருக்கிற விவசாயியைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் ஐயோவா என்று ஒரு மாநிலம். அந்த நாட்டிலேயே மக்காச்சோளம் அதிகம் விளைகிற இடம். அங்கேதான் இந்தக் கூத்து நடக்கிறது. "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், செமஸ்டருக்கு வருமா?" என்று கேட்கும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். இதில் சிவில்காரனுக்கு வடிகால் இருக்கிறது, மெக்கானிக்கலுக்குக் கலப்பையும் விதைக்கருவியும் இருக்கிறது.

பிரெய்ரி என்பது பிரெஞ்சுச் சொல். புல்வெளி என்று அர்த்தம். கனடாவில் தொடங்கி டெக்சாஸ் வரை வட அமெரிக்காவின் நடுவயிறு முழுக்க ஒரு காலத்தில் புல்வெளிதான். மேற்கே மழை குறைவு, புல்லும் குட்டை. கிழக்கே போகப் போக மழை கூடும், புல்லும் ஆளை மறைக்கும். இந்த நெடும்புல் பிரெய்ரி மட்டும் ஏறக்குறைய 17 கோடி ஏக்கர் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். இன்று மிஞ்சியிருப்பது அதில் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பங்கு கான்சஸ் மாநிலத்தின் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில். ஏன் அங்கே மட்டும் தப்பியது? மேல்மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே கல். கலப்பை இறங்கவில்லை, அவ்வளவுதான்! ஐயோவாவில் கல் இல்லை. அந்த மாநிலத்தின் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு பிரெய்ரியாக இருந்தது. இன்று அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மீதி இல்லை.

அந்தப் புல்வெளியின் ராஜா பிக் புளூஸ்டெம் என்ற புல். கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால் மாதிரி இருப்பதால் அந்தப் பேரிலேயே அழைப்பவர்களும் உண்டு. நல்ல மண்ணில் 6 முதல் 8 அடி வளரும். மண்ணுக்குக் கீழே வேரும் அதே அளவு, சில இடங்களில் அதற்கு மேலும் போகும். இந்தப் புல் நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. தாவரவியல் குலம் பிரிக்கும்போது பிக் புளூஸ்டெம், நம்ம வெட்டிவேர், கரும்பு, சோளம் எல்லாம் ஒரே குலத்தில் வருகின்றன. மக்காச்சோளமும் அதே குலம்தான். ஆக, மக்காச்சோளம் வந்து பிரெய்ரியை விரட்டியதைப் பங்காளிச் சண்டை என்றே சொல்லலாம்! வெட்டிவேர் மண்ணை எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் புல் எப்படிப் பிடிக்கும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த வேரில் ஒரு பகுதி செத்து மண்ணோடு மக்கும். பல ஆயிரம் வருஷம் இப்படி நடந்ததில்தான் ஐயோவா மண் கன்னங்கரேலென்று ஆனது.

அந்தக் கரிசல் மண்ணை முதலில் யாராலும் சரியாக உழ முடியவில்லை. கிழக்கு மாநிலங்களிலிருந்து குடியேறியவர்கள் கொண்டு வந்த வார்ப்பிரும்புக் கலப்பையில் மண் அப்பிக்கொள்ளும். கொஞ்ச தூரம் ஓட்டுவது, நிறுத்திச் சுரண்டுவது, மறுபடி ஓட்டுவது என்று பிழைப்பு நடந்தது. 1837-ல் இலினாய் மாநிலத்தின் கிராண்ட் டீட்டூர் என்ற சின்ன ஊரில் ஜான் டீயர் என்ற கொல்லர், உடைந்துபோன ரம்ப அலகின் எஃகை எடுத்து, வளைத்து, பளபளவென்று தேய்த்து ஒரு கலப்பை செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. இன்று பச்சை மஞ்சள் டிராக்டரில் நாம் பார்க்கும் அதே பேர்தான். ஒரு கொல்லுப்பட்டறையில் பழைய இரும்பை வைத்துச் செய்த வேலை ஒரு நிலப்பரப்பையே புரட்டிப் போட்டது. ஆனால் எல்லாப் பழியையும் கலப்பை மேல் போடுவது நியாயம் இல்லை என்பது என் கட்சி. அதற்கு முன்பே அந்த நிலத்தில் வாழ்ந்த, அதற்குத் தீ வைத்துப் பராமரித்த பழங்குடி மக்களை ஒப்பந்தம் என்ற பேரிலும் துப்பாக்கியாலும் வெளியேற்றிவிட்டார்கள். கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமை 1880-களின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. மேய மாடும் இல்லை, தீ வைக்க ஆளும் இல்லை என்று ஆன பிறகுதான் கலப்பை ஊர் முழுக்கப் புகுந்தது.

அடுத்து சிவில் சமாச்சாரம். ஐயோவாவின் வடக்குப் பகுதி சமதளம். தண்ணீர் தேங்கும். அதற்காக வயலுக்கு அடியில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்தார்கள். பிற்காலத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய். மண்ணில் ஊறும் உபரி நீர் குழாய் வழியாக ஓடைக்குப் போய்விடும். வேர் அழுகாது, டிராக்டர் புதையாது. பிரமாதமான என்ஜினியரிங்தான், சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீரோடு வயலில் போட்ட நைட்ரஜன் உரமும் நைட்ரேட்டாகக் கரைந்து நேரே ஆற்றுக்குப் போகிறது. வழியில் தடுத்து உறிஞ்ச ஆழமான வேர் எதுவும் இல்லை. மக்காச்சோளம் வருஷத்தில் நாலைந்து மாதம்தான் உயிரோடு நிற்கும். மீதி நாளெல்லாம் மொட்டை நிலம். ஆனால் வசந்தகாலத்து மழை அந்த மொட்டை நிலத்தில்தானே விழுகிறது!

தலைநகர் டெ மாயின் இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அமெரிக்க விதிப்படி குடிநீரில் நைட்ரேட் நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பச்சைக் குழந்தைகளின் ரத்தத்துக்கு ஆகாது என்பதுதான் காரணம். அதை வடிகட்டத் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள். செலவு தாங்காமல் 2015-ல் நகரக் குடிநீர் நிறுவனம் வடமேற்கே உள்ள மூன்று கவுண்டிகளின் வடிகால் வாரியங்கள் மேல் கோர்ட்டில் வழக்குப் போட்டது. (கவுண்டி என்றால் நம்ம தாலுகா, மாவட்டம் இரண்டுக்கும் நடுவில் ஒன்று.) ஊருக்கும் பட்டணத்துக்கும் பெரிய மனக்கசப்பு. 2017-ல் வழக்கு தள்ளுபடி ஆனது. ஆனால் கசப்பும் நைட்ரேட்டும் போகவில்லை. 2025 ஜூன் மாதத்தில் நைட்ரேட் ஏறிப்போய், டெ மாயின் வட்டாரத்தில் வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் விடக்கூடாது என்றே தடை போட்டார்கள்.

சரி, புல்லைத் திரும்பக் கொண்டு வரலாம் என்றால், விதைக்கு எங்கே போவது?

இங்கேதான் ஊர் மக்கள் உள்ளே வருகிறார்கள். பிரெய்ரி மிஞ்சியிருந்தது இரண்டு மூன்று விதமான இடங்களில். ஒன்று, பழைய கல்லறைத் தோட்டங்கள். செத்தவர்கள் படுத்திருக்கும் இடத்தை யாரும் உழுவதில்லை. இன்னொன்று, ரயில் பாதை ஓரம். வேலி போட்ட நிலம், கலப்பை படாது, நீராவி எஞ்சினின் தீப்பொறி அவ்வப்போது பற்றவைக்கும், புல்லுக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. அப்புறம், வைக்கோலுக்காகச் சில குடும்பங்கள் உழாமல் விட்டு வைத்த துண்டு நிலங்கள்.

டெ மாயினுக்குக் கிழக்கே பிரெய்ரி சிட்டி என்று ஓர் ஊர். பேரில் மட்டும்தான் பிரெய்ரி! அதன் பக்கத்தில் அணுமின் நிலையம் கட்ட ஒரு மின்சாரக் கம்பெனி வாங்கிப்போட்டிருந்த நிலம் சுமார் 3,600 ஏக்கர், திட்டம் கைவிடப்பட்டதால் சும்மா கிடந்தது. 1990-களின் தொடக்கத்தில் மத்திய அரசின் வனவிலங்குத் துறை அதை எடுத்துக்கொண்டு, மக்காச்சோளமும் சோயாவும் விளைந்த நிலத்தைப் பிரெய்ரியாக மாற்றத் தொடங்கியது. இன்று நீல் ஸ்மித் தேசிய வனவிலங்குப் புகலிடம் என்று பேர். விதைக்காக அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கல்லறை கல்லறையாக, ரயில் பாதை ஓரமாகப் போய்க் கதிர் கதிராக உருவிக்கொண்டு வந்தார்கள். 1996-ல் காட்டெருமைகளும் வந்து சேர்ந்தன.

இன்னொரு பக்கம், ஐயோவா கவுண்டிகள் சாலையோரத்தில் களைக்கொல்லி அடித்தும் புல் வெட்டியும் சலித்துப்போய், 1980-களின் கடைசியில் சாலை ஓரச் சரிவுகளில் நாட்டுப் புல்லையே விதைக்க ஆரம்பித்தன. வேர் கரையைப் பிடிக்கும், குளிர்காலத்தில் உயரமான தாள் பனியைத் தடுத்து ரோட்டில் குவியாமல் நிறுத்தும். இதற்கு விதை வேண்டும் என்றதும் நார்தர்ன் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை தொடங்கியது. மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் மிஞ்சிய புல்வெளிகளிலிருந்து விதை எடுத்துப் பெருக்கி, அதை விதை வளர்க்கும் விவசாயிகளிடம் கொடுத்தார்கள். அவர்கள் மக்காச்சோளம் மாதிரியே வரிசை போட்டுப் பூச்செடியும் புல்லும் வளர்த்து விதை விற்கிறார்கள். களை என்று ஒரு காலத்தில் பிடுங்கி எறிந்தது இப்போது பணப்பயிர்!

விதைப்பதும் லேசு இல்லை. பிக் புளூஸ்டெம் விதைக்கு மேலெல்லாம் ரோமம். சாதாரண விதைப்புக் கருவியில் கொட்டினால் பஞ்சு மாதிரி சுருண்டு குழாயை அடைத்துக்கொள்ளும், ஒன்றுகூடக் கீழே விழாது. அதனால் இதற்கென்றே ஒரு கருவி செய்தார்கள். மூன்று பெட்டி: ரோம விதைக்கு ஒன்று, பொடி விதைக்கு ஒன்று, தானியம் மாதிரி வழவழப்பான விதைக்கு ஒன்று. ரோம விதைப் பெட்டிக்குள் கிளறிவிடும் தண்டும் விதையைப் பிடித்து இழுக்கும் பல்சக்கரமும் உண்டு. மெக்கானிக்கல் நண்பர்கள் இதை ஒரு புராஜெக்ட்டாகவே எடுக்கலாம். ஆழம் கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் முளைக்காது. கருவி கிடைக்காதவர்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் உறைந்த மண் மேல் விதையைத் தூவிவிடுவது. பகலில் இளகி, இரவில் உறைந்து, மண் வெடித்து வெடித்து விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பல பூச்செடி விதைகளுக்கு இந்தக் குளிர் பட்டால்தான் உறக்கமே கலையும்.

முதல் வருஷம் போய்ப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும். வயல் முழுக்கக் களைதான் தெரியும். நட்ட புல் விரல் நீளம்கூட இருக்காது. அது அப்போது மேலே வளரவில்லை, கீழே வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. களை பூக்கும் முன் நாலு முதல் ஆறு அங்குல உயரத்தில் பலமுறை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது வருஷம்தான் பூவும் புல்லுமாக முகம் தெரியும். அதுவரை பக்கத்து நிலத்துக்காரன் என்ன சொல்வான்? ஐயோவா கிராமத்தில் வரிசை கோணாமல், களை இல்லாமல் வயல் வைத்திருப்பதுதான் கௌரவம். ரோட்டில் போகிறவன் காரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவான். இந்தச் சங்கடம் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. ஆனால் ஒரு விவசாயி புல் விதைக்க யோசிப்பதற்கு மானியத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சங்கடத்தை இன்னும் மோசமாக்கியது 2016. தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் வேண்டிப் பூச்செடி விதைக்க அரசு மானியம் கொடுத்தது. ஒரே நேரத்தில் எல்லோரும் விதை கேட்டார்கள். உள்ளூர் விதை போதவில்லை. வெளிமாநில விதை வந்து இறங்கியது. அதோடு கலந்து வந்தது பால்மர் அமராந்த் என்ற களை. அது யார் தெரியுமா? நம்ம முளைக்கீரை, சிறுகீரை குடும்பம்! ஆனால் கீரை மாதிரி சாது இல்லை. ஒரு செடியே லட்சக்கணக்கில் விதை போடும், பல களைக்கொல்லிகளுக்குச் சாகாது. ஐயோவாவில் பல கவுண்டிகளில் புதிதாகப் போட்ட பூச்செடி நிலங்களில் அது தலைகாட்டியது. நல்ல காரியத்துக்கு இடம் கொடுத்தவன் வயலில், மக்காச்சோள விவசாயி பேய் மாதிரி பயப்படும் களை! ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்க. உள்ளூர் விதை வேண்டும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் பேச்சுக்கு அதன் பிறகுதான் மதிப்பு வந்தது.

இவ்வளவு தொல்லைக்கு நடுவே விவசாயி ஏன் சம்மதிக்கிறான் என்றால், முழு வயலையும் யாரும் கேட்கவில்லை. 2007-ல் அதே நீல் ஸ்மித் புகலிடத்தில், 12 சின்ன நீர்ப்பிடிப்புச் சரிவுகளில் ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை போட்டார்கள். சிலவற்றில் முழுக்கப் பயிர். சிலவற்றில் நிலத்தின் 10 சதவீதத்தில் பிரெய்ரி, சிலவற்றில் 20 சதவீதம். சரிவின் அடியில் மட்டும் ஒரு பட்டை, அல்லது சரிவுக்குக் குறுக்கே இரண்டு மூன்று பட்டை. 2017-ல் முடிவை வெளியிட்டபோது பலரும் அசந்துபோனார்கள். பட்டை போட்ட சரிவுகளில் வழிந்தோடிய நீர் 37 சதவீதம் குறைவு. மண் இழப்பு இருபதில் ஒரு பங்காக இறங்கியது. பாஸ்பரஸ் நாலில் ஒரு பங்கு அளவுக்கு வந்தது. தேனீ முதலான மகரந்தப் பூச்சிகளின் எண்ணிக்கை மூன்றரை மடங்கு. 20 சதவீதம் விட்டவர்களுக்கும் 10 சதவீதம் விட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விளைச்சல்? புல்லுக்கு விட்ட இடத்தின் விளைச்சல் போனது, அவ்வளவுதான். மீதி நிலத்தில் குறையவில்லை.

எப்படி இது? கணக்கு சுலபம். நாட்டுப் புல்லின் தாள் விறைப்பானது. ஓடிவரும் தண்ணீரில் படுத்துக்கொள்ளாது. தடுப்பணை மாதிரி நிற்கும். வேகம் குறைந்தால் வண்டல் இறங்கிவிடும். ஆழமான வேர் மண்ணில் துளை போட்டு வைத்திருப்பதால் நின்ற தண்ணீர் உள்ளே இறங்கும். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: அடியில் குழாய் இருந்தால், அதன் வழியே போகும் தண்ணீர் இந்தப் பட்டைக்கு அடியில் நழுவிப் போய்விடும். அதற்கு வேறு வைத்தியம்தான் பார்க்க வேண்டும்.

பட்டையை எங்கே போடுவது என்று முடிவு செய்யும்போது விவசாயியின் வார்த்தைதான் எடுபடும். அவனிடம் உள்ள மருந்து தெளிக்கும் கருவியின் அகலம் எவ்வளவோ, அதன் சரியான மடங்கில்தான் இரண்டு பட்டைக்கு இடையே தூரம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் அரைகுறை வரிசை விழுந்து, திரும்பித் திரும்பி டீசல் செலவு. எந்த மூலையில் எப்போதும் விளைச்சல் நஷ்டமோ, எந்த இடத்தில் வாய்க்கால் அரிக்கிறதோ, அது அவனுக்குத்தான் தெரியும். 2018-ன் விவசாயச் சட்டத்தில் இந்தப் பட்டைக்கு மானியம் சேர்ந்தது. குறைந்தது 30 அடி அகலம், வயலில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது என்று விதி.

மேற்கே நெப்ராஸ்கா மாநிலத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே லோயெஸ் கேன்யன்ஸ் பகுதியில் உழவு குறைவு, மாடு மேய்ப்புதான் தொழில். புல் இருக்கிறது, ஆனால் சிடார் மரம் ஏறிவந்து புல்லை மூடுகிறது. அது அந்த ஊர் மரம்தான், வெளியிலிருந்து வந்தது இல்லை. முன்பெல்லாம் தீ அதைப் பள்ளத்தாக்குக்குள்ளேயே அடக்கி வைத்திருந்தது. தீயை நிறுத்தினார்கள், மரம் மேடேறிவிட்டது. மரம் வந்தால் மாட்டுக்குத் தீனி குறையும். இதற்கு ஒரே மருந்து மறுபடியும் தீ. சிடார் எரிந்தால் திரும்பத் துளிர்க்காது. புல்லின் குருத்து மண்ணுக்கு அடியில் பத்திரமாக இருப்பதால் சாம்பல் ஆறும் முன்பே பச்சை விடும்.

ஆனால் தனியாளாக எவன் தீ வைப்பான்? பக்கத்து நிலத்துக்குப் போனால் என்ன ஆவது? அதனால் நிலச்சொந்தக்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்துக்கொண்டார்கள். இன்னைக்கு உன் நிலம், நாளைக்கு என் நிலம். ஒருவன் தண்ணீர் டேங்க் வைத்த பிக்கப் கொண்டு வருவான், இன்னொருவன் டீசலும் பெட்ரோலும் கலந்து சொட்டுகிற தீக்குடுவை கொண்டு வருவான். முதலில் காற்று போகிற பக்கத்து ஓரத்தில் காற்றுக்கு எதிராகப் பற்றவைப்பார்கள். தீ மெதுவாக ஊர்ந்து ஒரு கறுப்புப் பட்டை உண்டாகும். பிறகு இரண்டு பக்கவாட்டு ஓரம். கடைசியில்தான் காற்று வருகிற பக்கம். பெருந்தீ ஓடிவந்து கறுப்புப் பட்டையில் முட்டி, எரிக்க ஒன்றுமில்லாமல் அணைந்துவிடும். பெரிய சிடார் மரம் பற்றாது என்பதால் முன்கூட்டியே சின்ன மரங்களை வெட்டி அதன் அடியில் சொருகிக் காயவிடுகிறார்கள். இதையெல்லாம் எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை, ஒருத்தர் நிலத்தில் இன்னொருத்தர் நின்று கற்றுக்கொண்டது. பல வருஷம் இப்படி எரித்த பிறகு அங்கே புல்வெளிப் பறவைகள் கூடியிருப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஐயோவாவில் இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பாதிக்கும் மேற்பட்ட விளைநிலம் அங்கே குத்தகையில் இருக்கிறது. நிலத்துக்காரர் வயதானவர், பல சமயம் வேறு ஊரில். உழுகிறவனுக்குக் குத்தகை பெரும்பாலும் வருஷா வருஷம். புல் தலைதூக்க மூன்று வருஷம் ஆகும்போது, அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவன் எதற்கு அதை வெட்டிப் பராமரிப்பான்? சில இடங்களில் பட்டையைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு, மானியம் யாருக்கு என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள்.

மானியத்துக்கும் ஆயுள் உண்டு: 10 முதல் 15 வருஷ ஒப்பந்தம். முன்பு என்ன நடந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1985-ல் தொடங்கிய நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் 2007-ல் நாடு முழுக்க 3.6 கோடி ஏக்கருக்கும் மேல் இருந்தது. எத்தனால் வந்து மக்காச்சோள விலை ஏறியதும், ஒப்பந்தம் முடிந்தவர்கள் புல்லை உழுது போட்டார்கள். அரசும் உச்சவரம்பைக் குறைத்தது. 2015 வாக்கில் சுமார் 2.4 கோடி ஏக்கர்தான் மீதி. 2020-ஐ ஒட்டிப் பட்டை விதைத்தவர்களின் ஒப்பந்தம் 2030-க்கும் 2035-க்கும் இடையே ஒவ்வொன்றாக முடியும். அன்றைக்கு மக்காச்சோளம் என்ன விலை விற்கிறது என்று பார்த்துத்தான் அவர்கள் கலப்பையை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.